பின்னால் பழுக்கும் நீலப் பழம்

அட்லாண்டாவில் என் தங்கை வீட்டுக் கொல்லையில் இரண்டு ப்ளூபெர்ரி செடிகள் இருக்கின்றன. ஜாதி 'க்ளைமாக்ஸ்'. முதல் வருஷம் மார்ச் பனியில் பூவெல்லாம் கருகிப் போச்சாம். அடுத்த வருஷம் ஜூனில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினால், காய்த்த கொஞ்சத்தையும் பறவைகள் தின்று தீர்த்திருந்தன. "நம்ம செடியில மட்டும் ஏம்மா பழமே இல்லைன்னு சின்னவன் கேட்கிறான், அக்கா!" என்று குறைப்பட்டாள்.

ஜூலை தொடக்கத்தில் நான் போயிருந்தபோது, காரில் நாலு மணி நேரம் தெற்கே ஆல்மாவுக்கு அழைத்துப் போனாள். ஜார்ஜியாவின் ப்ளூபெர்ரி தலைநகர் என்று அந்தச் சின்ன ஊருக்குப் பெருமை. வழியெல்லாம் பைன் மரம், மணல் மண், நம்மூர் மாதிரி கசகசவென்று புழுக்கம். இந்த வெயிலில் பழமா என்று நினைத்தேன். தோட்டத்தில் ஆளுயரத்துக்கும் மேலே புதர்கள்! வாளியைக் கொடுத்து நம்மையே பறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். காய் நீலமாகும் முன் வெள்ளை முயலின் கண் போலச் சிவக்கிறது. அதனால் இந்த இனத்துக்கே 'ராபிட்ஐ', முயல் கண் என்று பெயர். நீலமானதும் அவசரப்படக் கூடாது. காம்படியில் சிவப்பு இருந்தால் புளிப்புதான்!

தோட்டக்கார அம்மாள் தங்கையின் கதையைக் கேட்டுச் சிரித்தார். ஒரே ஜாதியை இரண்டாக வைத்தால் மகரந்தம் சரியாகச் சேராதாம். க்ளைமாக்ஸ் சீக்கிரம் பூத்துப் பனியில் மாட்டிக்கொள்ளும். 'பவுடர்ப்ளூ' நிதானமாகப் பூத்து, ஜூலையில் பழுக்கும். பழைய 'டிஃப்ப்ளூ'வும் தாமதம்தான். ஆனால் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். பவுடர்ப்ளூ அவ்வளவாக வெடிக்காது. துணைக்கு ஒரு 'ப்ரைட்வெல்' வேண்டும்.

நாமும் வைக்கலாமா என்று எனக்கும் ஆசைதான். பவுடர்ப்ளூவுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்கும் கீழே ஏறக்குறைய 600 மணி நேரம் வேண்டுமாம். சென்னையில் எங்கே போவது?

இரண்டு தொட்டிச் செடிகளை வாங்கினோம். குளிர் வந்தபின் ஆறடி இடைவெளியில் நட்டு, பைன் பட்டையால் அடியை மூட வேண்டும். மண்ணில் புளிப்பு இருக்க வேண்டும், சுண்ணாம்பு ஆகாது. வேர் மேலாகவே ஓடுவதால் தண்ணீர் தவறக் கூடாது. செடி வலுப்பட, முதல் இரண்டு வருஷப் பூக்களைக் கிள்ளிவிட வேண்டுமாம்.

பின் சீட்டில் தொட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐந்து வயசுப் பிள்ளையிடம் இதை யார் சொல்வது என்று, வீடு வரும்வரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வந்தோம்.