பழைய டிராக்டரும் பென்சில் நகலும்

'டிராக்டர் இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது, என்ன செய்யலாம்?' என்ற கேள்வி விவசாயிகளிடமிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. நிலத்துக்கான பத்திரம், பட்டா, சிட்டா என்றால் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர்கள்கூட வண்டிக் காகிதத்தைச் சீட்டுக்கு அடியில், கிரீஸ் துணியோடு போட்டுவைக்கிறார்கள். மதுரை வில்லாபுரத்தில் வசிக்கும் ஒரு குடும்பம் அந்த அளவுக்கு மோசமில்லை. அங்கே தாத்தா எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். என்ன, ஒன்பது வருடமாக அந்தப் பையை யாரும் முழுதாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

வீடு வில்லாபுரத்தில்; நிலம் பெருங்குடிக்குத் தெற்கே. இரண்டரை ஏக்கரில் நெல், மீதி கொஞ்சத்தில் மல்லி. தாத்தா 1986-ல் கடன் போட்டு வாங்கிய மாசி பெர்குசன் 1035 இன்றும் உழுகிறது. சொந்த உழவு போக, அக்கம்பக்கத்துக் காட்டுக்கும் வாடகைக்குப் போய்வரும். இரண்டு வருடம் முன்பு மழை பொய்த்தபோது அதை விற்றுவிடலாம் என்று அப்பா முடிவுக்கு வந்தார். வாங்க வந்தவர் இன்ஜினைக் கேட்டார், திருப்தி. காகிதத்தைக் கேட்டார், முகம் மாறியது. ஆர்.சி. தாத்தா பெயரில் இருந்தது. வங்கியின் அடமானக் குறிப்பு நீக்கப்படவில்லை. போதாததற்கு, கணினியில் ஏறியிருந்த சேசிஸ் எண்ணில் 8 இருக்கவேண்டிய இடத்தில் 3 இருந்தது. கையால் எழுதிய பழைய புத்தகத்திலோ, அதே எழுத்தின் மேல் மடிப்பு விழுந்து மை போயிருந்தது. "பழைய இரும்பு விலைக்குன்னா எடுத்துக்கிறேண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தவர் கிளம்பினார்.

அந்த வீட்டு மகள் அப்போது முதுகலை வரலாறு படித்துக்கொண்டிருந்தார். படிப்பின் ஒரு பகுதியாக இரண்டு மாதம் ஏதாவது ஓர் ஆவணக் காப்பகத்தில் பயிற்சி எடுக்கவேண்டும். கூடப் படித்தவர்கள் கோயில் கல்வெட்டு, ஓலைச்சுவடி என்று போக, இவருக்குக் கிடைத்தது கோவையில் பழைய வண்டிகளின் வரலாற்றைச் சேகரிக்கும் ஒரு சிறு சங்கம். வீட்டில் சிரித்தார்கள். "நம்ம வண்டிக்கே காகிதத்தைக் காணோம், நீ ஊரான் வண்டிக்குப் போறியா தாயி?" என்றார் அப்பா.

காப்பகம் என்றால் பெரிய கட்டடமெல்லாம் இல்லை. மாடியில் ஓர் அறை, நான்கு இரும்பு பீரோ, மூடிய ஒர்க் ஷாப்புகளிலிருந்தும் பழைய பேப்பர் கடைகளிலிருந்தும் மீட்டு வந்த மூட்டைகள். உதிரிபாகப் பட்டியல், டிரிப் ஷீட், பழுதுபார்த்த அட்டை, டிக்கெட் கட்டு, விளம்பரத் தாள், யாரென்று தெரியாத டிரைவர்களின் புகைப்படம். பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். அவர் முதல் நாள் சொன்னது ஒன்றுதான்: "அம்மிணி, எதையும் அழகா அடுக்கிப் போடாதீங்க. எதோட எது இருந்துச்சுங்கிறதை மொதல்ல எழுதி வைங்க. அப்புறம் பின்னைப் புடுங்கலாம்."

ஆவணக் காப்பு வேலையின் அடிப்படையே இதுதான். தேதிவாரியாக அடுக்குவது சுலபம். ஆனால் ஒரு மனிதர் இரண்டு காகிதத்தைச் சேர்த்து வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கலைத்துவிட்டால் அந்தக் காரணம் திரும்பக் கிடைக்காது. மற்ற விதிகள் எல்லா வீட்டுக்கும் பொருந்துபவை. இரும்புப் பின் துருப்பிடித்துக் காகிதத்தை அரிக்கும். ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கொள்ளும். லேமினேட் செய்தால் பிறகு பிரிக்க முடியாது, காகிதமும் உள்ளேயே பழுத்துவிடும். குறிப்பு எழுதப் பென்சில் மட்டும். ஈரம் தட்டிய இடத்தில் ராமபாணப் பூச்சியும் கரையானும் வரும். உரக்கடையிலும் டீசல் பங்கிலும் இப்போது தரும் வழவழப்பான ரசீது வெப்பத்தில் அச்சாவது. சில மாதங்களில் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். அதை வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும். மானியத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் பில் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூட்டைகளுக்குள் ஊரின் கதையே கிடந்தது. யுத்த காலத்து நோட்டு ஒன்றில் பெட்ரோல் கேலன் கணக்கு இருக்கவேண்டிய பத்தியில் கரி மூட்டைக் கணக்கு எழுதியிருந்தது. அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது பேருந்துகள் கரி வாயுவில் ஓடின. வண்டியோடு ஓர் உலையைப் பொருத்தி, அதில் குறைந்த காற்றில் கரியை எரித்து, வரும் வாயுவை வடிகட்டி இன்ஜினுக்குள் விடுவார்கள். அந்தக் கருவியைத் தயாரித்தவர்களில் மதுரையின் டி.வி.சுந்தரம் அய்யங்கார் முக்கியமானவர். 1911-ல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் மதுரைச் சீமைக்குப் பேருந்தைப் பழக்கியது. 1972-ல் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வரும்வரை இங்கே பஸ் என்றால் டி.வி.எஸ்.தான். வில்லாபுரத்துப் பெண் இதைத் தெரிந்துகொள்ள கோவைவரை போகவேண்டியிருந்தது!

கோவைக்கும் அப்படி ஒரு கதை உண்டு. ஜி.டி.நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித்தான் தொழிலுக்கு வந்தார். அவர் பெயரிலான அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் 2015-லிருந்து அவிநாசி சாலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வந்தவருக்கு ஒரு குறை: அத்தனை காருக்கு நடுவே உழுகிற வண்டியைப் பற்றி யார் எழுதி வைப்பார்கள்? இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகம் கிராம வாழ்க்கைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறது. 1951-ல் தொடங்கியது. கலப்பை, நீராவி உழவு இயந்திரம் செய்த கம்பெனிகளின் கணக்கும் வரைபடமும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. நம் ஊரில் டிராக்டர் வந்ததால் உழவு மாடு போனது, கூலி மாறியது, கடன் மாறியது. அதற்கான சாட்சியெல்லாம் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மெக்கானிக்குக்கு டிராக்டர் என்றால் உயிர். டிராக்டருக்குப் பின்னால் கலப்பையை மாட்டும் மூன்று முனை இணைப்பும் ஹைட்ராலிக்கும் அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் கொண்டுவந்தவை என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். அதற்கு முன்பு கலப்பையை வெறுமனே கட்டி இழுப்பார்கள். கொழு கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர் மேலேயே கவிழும். பெர்குசன் ஏற்பாட்டில் கலப்பையின் இழுவையே பின்சக்கரத்தை மண்ணில் அழுத்தும். இழுவை கூடினால் ஹைட்ராலிக் கலப்பையைத் தானே தூக்கிக் கொடுக்கும். அதனால் சிறிய வண்டியே போதும் என்றானது. 1946-லிருந்து 1956 வரை கோவென்ட்ரியில் தயாரான அவருடைய சாம்பல் நிற டி.ஈ.20 மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். இந்தியாவில் 1959-ல் ஐச்சர், 1960-ல் சென்னையில் மாசி பெர்குசன் கூட்டோடு டாஃபே, 1971-ல் எச்.எம்.டி., 1974-ல் பஞ்சாபின் சுவராஜ் என்று வரிசையாக வந்தன. தாத்தாவின் 1035 அந்தச் சாம்பல் வண்டியின் வழி வந்ததுதான்.

ஒரு வண்டியின் வயதை எப்படிச் சொல்வது? பெயின்ட் பொய் சொல்லும், மாற்றிப் போட்ட இன்ஜின் பொய் சொல்லும். எண் பொறித்த தகடும் சேசிஸும்தான் நம்பத்தக்க சாட்சி. பொறித்த எழுத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே ஏறிவிடும். கல்வெட்டுப் படி எடுப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்பதும் இதே பென்சில் நகலைத்தான்.

ஊர் திரும்பியதும் அவர் முதலில் செய்தது மஞ்சள் பையைத் திண்ணையில் வைத்ததுதான். அம்மா உதறிக் கொட்டப் போனார், மகள் தடுத்துவிட்டார். ஒவ்வொரு காகிதமாக எடுத்து, எண் போட்டு, நோட்டில் எழுதினார். டயர் பில், டீசல் சீட்டு, உழவு வாடகைக் கணக்கு, யாரோ தரவேண்டிய நாற்பது ரூபாய், மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதி. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் ஆளைச் சொன்னார். அதில் பாதிப் பேர் இன்று இல்லை. அறுபத்துச் சொச்சமாவது எண்ணில் துருப்பிடித்த பின் ஒன்று இரண்டு தாள்களைக் கோத்திருந்தது. மேலே 1993-ல் கடன் முழுவதும் அடைந்ததாக வங்கி கொடுத்த கடிதம். கீழே 1986-ல் வண்டி வாங்கியபோது கொடுத்த விற்பனை ரசீது, சேசிஸ் எண்ணோடு. தேதிவாரியாக அடுக்கியிருந்தால் ஏழு வருட இடைவெளியில் இரண்டும் தனித்தனியாகப் போயிருக்கும். கடன் தொடங்கிய தாளையும் முடிந்த தாளையும் தாத்தா ஒன்றாகக் குத்தி வைத்திருந்தார். அப்பத்தா மட்டும், "அன்னைக்கு வீட்டுல கறிச்சோறு" என்றார்.

அப்பா அன்று சாயங்காலமே தொழுவத்துக்குப் போய்ச் சேசிஸில் படிந்திருந்த மண்ணைச் சுரண்டி, டீசல் துணியால் துடைத்துக் கொடுத்தார். பென்சில் நகலில் எட்டு எட்டாகவே விழுந்தது. ரசீதிலும் எட்டு.

அதற்குப் பிறகும் அலைச்சல் இருந்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். வண்டி உரிமையாளர் இறந்தால், வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்கவேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆர்.சி., காப்பீடு எல்லாம் வேண்டும். தாமதமானால் அபராதத்தோடுதான் நடக்கும். அடமானக் குறிப்பை நீக்க வங்கி கையெழுத்திட்ட படிவம் 35. வங்கிக் கிளையில் பழைய கணக்கே இல்லை என்றார்கள். 1993 கடிதத்தைக் காட்டியபின் தேடிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். விவசாய டிராக்டர் சொந்த வாகனம் போலத்தான் கணக்கு: பதிவு 15 ஆண்டு செல்லும், பிறகு படிவம் 25 கொடுத்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். எண் திருத்தத்துக்கு ரசீதும் பென்சில் நகலும் நேரடி ஆய்வும் தேவைப்பட்டன. டிராக்டரையே அலுவலகத்துக்கு ஓட்டிப் போனார் அப்பா.

பழைய புத்தகத்தை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். கொடுப்பதற்கு முதல் நாள் அப்பத்தா அதை மடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றார். அதில் தாத்தா பெயர், தாத்தா கையெழுத்து. பேத்தி எல்லாப் பக்கத்தையும், எதுவும் எழுதாத கடைசிப் பக்கத்தைக்கூட, கலரில் நகல் எடுத்துக் கொடுத்த பிறகுதான் கைக்கு வந்தது.

ஆர்.சி. அட்டை அப்பா பெயரில் வந்து ஆறு மாதம் ஆகிறது. இரும்பு விலைக்குக் கேட்டவர் மறுபடி வந்து நியாயமான விலை சொன்னார். புரட்டாசி உழவு முடியட்டும் என்று அப்பா அனுப்பிவிட்டார். இப்போது வீட்டில் வேறு விவாதம். 2021-லிருந்து ஆர்.சி.யிலேயே நாமினி பெயரைச் சேர்த்து வைக்கலாம். அண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறார், டிராக்டர் ஓட்டத் தெரியாது. தங்கைக்கு ஓட்டத் தெரியும், கல்யாணம் ஆகிப் போகிறவள் என்கிறார் அப்பா. படிவம் பூர்த்தி செய்யாமல் மேசையில் கிடக்கிறது. அப்பத்தா மட்டும் யாரும் கேட்காமலே பேத்தி பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.