எச்சம்



மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, கழுதைக்கு விட்டை, யானைக்கு இலத்தி, பறவைக்கு எச்சம் என்று என் நன்னி பிரித்துச் சொல்வார்கள்.

அண்மையில் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் பேரனை அழைத்துச் சென்றிருந்தேன். வறண்ட ஓடையில் நத்தைபோல் சுருண்ட கல்லொன்று கிடந்தது.

"இது அம்மோனைட் என்னும் கடலுயிரியின் தொல்லெச்சம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கும் அரியலூர்ப் பக்கமும் கடல் இருந்தது" என்றேன்.

அவனோ அருகில் கிடந்த புழுக்கையைக் காட்டி, "இது ஆட்டுச் சாணியா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நன்னி எனக்குத் தந்ததை நான் அவனுக்குத் தரவில்லையே!

பறவை விட்டதும் எச்சம். கடல் விட்டதும் எச்சம். நாம் விட்டுச் செல்வதும் எச்சமே. கல் தானாக நிலைத்தது. சொல் அப்படி நிலைக்காது. உங்கள் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிக் கொடுங்கள்.