ரெண்டு சூரியோதயம், ஒரே ஃப்ளைட்!

செமஸ்டர் ஹால்ல மூணு மணி நேரம் உட்கார்ந்தாலே நெளியுற பார்ட்டியா நீங்க? அப்போ இதைப் படிங்க. ஒரே விமானம், 28 மணி நேரம், நடுவுல எங்கேயும் இறங்க முடியாது. கீழே முழுக்க இந்தியப் பெருங்கடல்!

ஆஸ்திரேலியாவின் பெர்த் டு இலங்கையின் கொக்கல. தூரம் சுமார் 5,600 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு ஏழு மணி நேர வேலை. ஆனா நாம பேசுறது 1943-ஐப் பற்றி.

ஏன் இந்த விஷப்பரீட்சை? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் வசம் போச்சு. ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் போகும் விமானப் பாதையும் அதோட கட். மறுபடி இணைக்க, குவான்டாஸ் நிறுவனம் 5 கேட்டலினா விமானங்களோடு களத்தில் குதித்தது. தண்ணியிலேயே கிளம்பி தண்ணியிலேயே இறங்குற ரகம். அதனால பெர்த்தில் ஸ்வான் ஆறும், கொக்கலயில் காலி நகருக்குப் பக்கத்து ஏரியும்தான் ஏர்போர்ட்!

வேகம்? மணிக்கு 200 கிலோமீட்டர்தான். வண்டி முழுக்கப் பெட்ரோல். மிச்ச இடத்தில் மூணே மூணு பயணிகள், 70 கிலோவுக்கும் குறைவான தபால். கிளம்பின முதல் சில மணி நேரத்தில் ஒரு இன்ஜின் நின்னாலும் அந்தக் கனத்தோடு பறக்க முடியாது. வழியில் ரேடியோவில் மூச்சு விடக்கூடாது. ஜப்பான்காரன் காதில் விழுந்துடும். நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் பாதை. விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்கள்தான்: வேகா, ரைகல், ஆல்டேர், ஸ்பிகா, அன்டாரெஸ். (ஸ்பிகான்னா நம்ம சித்திரை. அன்டாரெஸ், கேட்டை!)

காற்றைப் பொறுத்து பயணம் 27 மணியிலிருந்து 32 மணிக்கு மேலும் இழுக்கும். ஒரே பயணத்தில் சூரியன் ரெண்டு தடவை உதிக்கும். போய்ச் சேர்ந்தவங்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்' பெயரில் ஒரு சர்டிஃபிகேட்! அந்த ஞாபகத்தில்தான், சிட்னி-லண்டன் நான்ஸ்டாப் திட்டத்துக்கு அதே நிறுவனம் 'ப்ராஜெக்ட் சன்ரைஸ்'னு பெயர் வெச்சிருக்கு. சுமார் 17,000 கிலோமீட்டர், அதிகபட்சம் 22 மணி நேரம். தூரம் மூணு மடங்கு, நேரம் மட்டும் கேட்டலினாவை விடக் கம்மி!

கொக்கல பற்றியும் சொல்லணும். பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் வந்தப்போ அங்கிருந்த கிராமமே காலி செய்யப்பட்டது. சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்ரமசிங்க பிறந்த வீடு தப்பிப் பிழைத்து, இப்போ மியூசியம் வளாகத்தில் நிற்குது. வீட்டை இழந்தவங்களுக்கு யாரும் சர்டிஃபிகேட் கொடுத்ததாத் தெரியலை.

1945 ஜூலையில் சேவை முடிஞ்சப்போ கணக்கு 271 பயணங்கள். ஒரு விமானம்கூட வழியில் விழலை. ஆனா அதெல்லாம் போருக்காக அமெரிக்கா கொடுத்த விமானங்கள்; ஒப்பந்தப்படி வெச்சுக்க முடியாது. அதனால போர் முடிஞ்சதும் கடலுக்கு இழுத்துப் போய் மூழ்கடிச்சுட்டாங்க.