தாத்தா தொட்டுப் பார்த்த முத்துச் சிப்பி

தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் பனிமய மாதா கோயிலைப் பார்ப்பார்கள், துறைமுகத்தைப் பார்ப்பார்கள், உப்பளங்களைப் பார்ப்பார்கள். நான் இந்த முறை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தது ஒரு பிறந்த நாள் கேக்கை!

என் நாத்தனார் பீச் ரோட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறாள். வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறாள். அவள் மகனுக்கு நாலாவது பிறந்த நாள். "முத்துக் குளிக்கிற கேக் வேணும்" என்று பிள்ளை கேட்டுவிட்டான். அவன் ஆசைக்குக் காரணம் கொள்ளுத்தாத்தா. 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் பெரிய முத்துக் குளிப்பு நடக்கவில்லை. அந்தக் கடைசிக் குளிப்பில், கல்லில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்து இறங்கியவர் அவர். இன்று பார்வை மங்கிவிட்டது. எதையும் விரலால்தான் பார்க்கிறார்.

நாத்தனார் முதலில் ஃபாண்டன்டில் ஒரு சிப்பி செய்தாள். விசிறி மாதிரி, வரி வரியாக, படத்தில் பார்ப்போமே, அப்படி. தாத்தா தடவிப் பார்த்தார். "சிப்பிதான் பிள்ள. ஆனா முத்துச் சிப்பி இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாஸ்தவம்தானே! முத்துச் சிப்பியில் விசிறி வரி கிடையாது. உள்ளங்கை அளவில், தட்டையாக, ஏறக்குறைய வட்டமாக இருக்கும். மேலே சொரசொரவென்று செதில் அடுக்கு, உள்ளேதான் பளபளப்பு. தாத்தாவின் மரப்பெட்டியிலிருந்த பழைய சிப்பியை வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதையே அச்சாக்கினாள். கால் கிலோ ஃபாண்டன்டுக்கு ஒரு டீஸ்பூன் சி.எம்.சி. பவுடர் பிசைந்தால் மாவு விறைத்து நிற்குமாம். சோளமாவு தூவி, சப்பாத்தியைவிட மெல்லியதாகத் தேய்த்து, அச்சில் அழுத்தி ஒரு நாள் உலரவிட்டாள். செதிலுக்குத் தனியாக மெல்லிய துண்டுகள், ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒன்றன் மேல் ஒன்றாக, தண்ணீர் தொட்டு ஒட்டினாள். வெளிப்புறத்துக்கு கோகோ பவுடர். உட்புறத்துக்கு முத்துப் பளபளப்புத் தூள். தூள் வாங்கும்போது 'நஞ்சற்றது' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, சகோதரிகளே. 'உண்ணத் தக்கது' என்றே இருக்கவேண்டும்.

முத்துகளை ஒரே அளவில் உருட்ட வேண்டாம் என்றார் தாத்தா. "கடல்ல எல்லா முத்தும் ஒண்ணுபோலவா கிடக்கு?" அந்தக் காலத்தில் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்துத்தான் முத்தைத் தரம் பிரிப்பார்களாம். அதனால் கடுகு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை உருட்டினாள். கோணல் மாணலாகவும் நாலைந்து.

இந்த ஊரில் ஃபாண்டன்டுக்குப் பெரிய எதிரி கடற்காற்று. சர்க்கரை ஈரத்தை இழுக்கும். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி சேர்த்து மெதுவான சூட்டில் உலரவைக்கும் தூத்துக்குடி மக்ரூனும் இதே காரணத்தால்தான் திறந்து வைத்தால் பிசுபிசுத்துப் போகிறது. மழைக்காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். "உப்பளம் வேலை நிக்கிற மாசத்துல நானும் சிப்பி, பூ வேலைக்கு ஆர்டர் எடுக்கமாட்டேன் மைனி" என்றாள்.

ஃபாண்டன்ட் போர்த்திய கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து, நிறம் ஒழுகிவிடும். ஆகையால் அடியில் பிரெஷ் க்ரீம் பூசாமல் சாக்லேட் கனாஷ் பூசிக்கொண்டு, அட்டைப் பெட்டியில் குளுமையான, காற்றோட்டமான அறையில் வைத்தாள். காற்றுப் புகாத டப்பா கூடாது.

அலங்காரத்துக்குப் பிளாஸ்டிக் மணி ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சின்னப் பிள்ளை தொண்டையில் போய் அடைத்துக்கொண்டால்? நன்றாக உலர்ந்த சர்க்கரை முத்தும் உருண்டை, கெட்டி. அதிலும் அந்தப் பயம் உண்டு. நாத்தனார் முத்துகளையெல்லாம் சிப்பிக்குள்ளேயே வைத்தாள். கேக் வெட்டுமுன் சிப்பியோடு தூக்கிவிடலாம்.

பிறந்த நாள் காலையில் புதுச் சிப்பியைத் தாத்தா கையில் வைத்தாள். ஓரத்துச் செதிலை ஒவ்வொன்றாகத் தடவினார். உள்ளே விரல் விட்டு, கோணல் முத்து ஒன்றை எடுத்து உருட்டினார். "இது எத்தனை பாகத்துல கெடச்சது?" என்று கொள்ளுப்பேரனைக் கேட்டார்.

"பத்து!" என்றான் பிள்ளை.

"சரியாத்தான் சொல்றான்" என்றார் தாத்தா.