இரண்டு கூட்டங்கள் கண்ட மண்டபம்

கல்கத்தாவுக்கு யாத்திரை செல்லும் நம்மவர்கள் காளி கட்டத்தையும் தக்ஷிணேசுவரத்தையும் தரிசித்து, மிருகக்காட்சிச் சாலையையும் விக்டோரியா மண்டபத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு ரயிலேறி விடுவது வழக்கம். கவர்னர் மாளிகைக்கு மேற்கே, ஹைகோர்ட்டுக்கு அருகே, பெரிய வெண்ணிறத் தூண்களைத் தாங்கி நிற்கும் டவுன் ஹாலின் முன்னே வண்டியை நிறுத்தச் சொல்பவர்கள் சிலரே. சுதேசி என்ற மந்திரம் தேசமெங்கும் பரவுவதற்கு மூலமாயிருந்த இடம் அது என்பதை அறிந்தால், நாம் ஒரு நாழிகையாவது அங்கே தங்காமல் வருவோமா?

அதன் பிறப்பே விசித்திரமானது. ஆங்கிலேயர்கள் கூட்டம் கூடவும், விருந்தும் நடனமும் நடத்தவும் ஒரு பொது மண்டபம் வேண்டுமென்று விரும்பினார்கள். அதற்கான பணத்தைக் கஜானாவிலிருந்து எடுக்கவில்லை. லாட்டரிச் சீட்டு நடத்தி ஏழு லக்ஷம் ரூபாய் திரட்டினார்கள். நீதி நெறிகளை நமக்குப் போதிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் தங்கள் நகர மண்டபத்தை அதிர்ஷ்டச் சீட்டில் கட்டிக் கொண்டது சற்று வேடிக்கைதான். கல்கத்தாவின் பெரிய வீதிகள் சிலவும் பின்னால் இதே வழியில்தான் அமைந்தன.

கட்டிட வேலையை ஏற்றவர் ஜான் கார்ஸ்டின் என்ற ராணுவ எஞ்சினீயர். 1770-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு பாட்னாவில், கவிழ்த்த கிண்ணம் போன்ற கோல்கர் என்னும் தானியக் களஞ்சியத்தைக் கட்டியவர் அவரே. அதன் கதவுகள் உட்புறமாகத் திறப்பதால், தானியத்தை நிரப்பினால் கதவைத் திறக்க முடியாது என்று அவ்வூரார் இன்றும் பரிகாசம் செய்வார்கள். கல்கத்தாவிலும் அவருக்குச் சோதனை காத்திருந்தது. மண்டபம் 1813-இல் நிறைவேறியது. ஆனால் மேல்மாடி நடனத் தளம் கால் வைத்தவுடன் அதிர்ந்து பலரையும் அச்சுறுத்தவே, குறைகளை அவர் தம் சொந்தச் செலவில் சீர்படுத்தும்படி ஆயிற்று.

குறை தீர்ந்த பின்னர் அது கம்பீரமான கட்டிடமாகவே விளங்கிற்று. 'டோரிக்' என்று ஐரோப்பியச் சிற்ப சாஸ்திரம் கூறும் வகையைச் சேர்ந்த தூண்கள். பூவேலையோ கொடிவேலையோ இல்லாதவை. உருண்டு திரண்டு மேலே செல்பவை. தெற்கே அகன்ற படிக்கட்டுகள் ஏறி முகமண்டபத்தை அடையலாம். வடக்கே வண்டிகள் வந்து நிற்பதற்கான முகப்பு உண்டு. கீழும் மேலுமாக இரு பெரிய கூடங்கள்; மேல் கூடத்தின் தளம் தேக்குப் பலகையால் ஆனது. நம் கோயில் மண்டபத்தில் ஒவ்வொரு தூணும் ஒரு கதை சொல்லும். இத் தூண்கள் மௌனமாயிருக்கின்றன. அவற்றினிடையே பேசியவர்களின் கதையைத்தான் நாம் கேட்க வேண்டும். வாரன் ஹேஸ்டிங்ஸ், காரன்வாலிஸ் முதலிய பிரபுக்களின் சலவைக்கல் சிலைகள் முன்பு இங்கே இருந்தன. அவை பின்னர் விக்டோரியா மண்டபத்துக்குக் குடி பெயர்ந்துவிட்டன.

ரத்தக் கறையும் இதன் படிகளுக்கு உண்டு. ஹைகோர்ட்டுக்குப் புதுக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் நீதிமன்றம் இங்கே நடந்தது. 1871 செப்டம்பர் 20-ஆம் தேதி, தற்காலிகத் தலைமை நீதிபதியான நார்மன் இப் படிக்கட்டில் அப்துல்லா என்பவனால் குத்துண்டு மாண்டார்.

இனி, அந்த இரண்டு கூட்டங்களுக்கு வருவோம்.

முதலாவது, 1883 பிப்ரவரி 28-ஆம் தேதி நடந்தது. ஜில்லாக்களில் பதவி வகிக்கும் இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியக் குற்றவாளிகளை விசாரிக்கலாம் என்று ரிப்பன் பிரபுவின் அரசாங்கம் இல்பர்ட் மசோதாவைக் கொண்டுவந்தது. வெள்ளை வர்த்தகர்களும் தோட்ட முதலாளிகளும் கொதித்தெழுந்து இம் மண்டபத்தை நிறைத்தார்கள். பிரான்ஸன் என்ற பாரிஸ்டர் நம் தேசத்தாரை இழிவுபடுத்திச் சொன்ன சொற்களை இங்கே எழுத மனம் வரவில்லை. கேட்டவர்கள் கைகொட்டி ஆரவாரித்தார்கள். இந்திய அட்டர்னிகள் அவருக்கு வழக்குக் கொடுப்பதில்லையென்று நின்றுவிடவே, அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. மசோதாவோ மறு வருஷம் உயிரிழந்த உருவத்தில் சட்டமாயிற்று. கூச்சலிட்டால் அரசாங்கம் வளையும் என்ற பாடத்தை நம்மவர்கள் கற்றுக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் காங்கிரஸ் பிறந்தது.

அதன் பின் மண்டபத்தில் வேறு குரல்கள் ஒலிக்கலாயின. 1895-இல் ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத மின் அலைகளைச் சுவர் கடந்து செலுத்தி, மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைக் கொளுத்தவும் செய்து சபையோரைப் பிரமிக்க வைத்தார்.

கர்ஸான் பிரபு வங்கத்தை இரண்டாகப் பிளக்கத் துணிந்தார். 1905 ஆகஸ்டு 7-ஆம் தேதி பிற்பகல், காலேஜ் சதுக்கத்திலிருந்து மாணவர்கள் அணியணியாக டவுன் ஹாலை நோக்கிப் புறப்பட்டார்கள். மேல்மாடி நிரம்பிற்று; கீழ்க் கூடமும் நிரம்பிற்று; இடமின்றி நின்றவர்களுக்காக எதிரே மைதானத்தில், பெண்டிங்க் பிரபுவின் சிலையருகே மூன்றாவது கூட்டம் நடந்தது. காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்தி அக்கிராசனம் வகித்தார். 'இந்தியன் மிரர்' ஆசிரியர் நரேந்திரநாத் ஸென் தீர்மானத்தைப் பிரேரேபித்தார்: பிரிவினை ரத்தாகும் வரையில் ஆங்கிலச் சரக்குகளை வாங்குவதில்லை. வெள்ளையர் நடனமாடிய தேக்குத் தளத்தின்மேல் நின்று மான்செஸ்டர் துணியை வேண்டாமென்றார்கள்! இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன்பு நம்மை ஏளனம் செய்த அதே கூரையின்கீழ் இது நடந்தது. ஆனால் வசைமொழிக்கு வசைமொழி விடையாகவில்லை. வாங்குவதை நிறுத்தினார்கள், அவ்வளவே. அந்த அலை தென்கோடியையும் எட்டிற்று. அடுத்த வருஷமே தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பிரிவினை 1911-இல் ரத்தாயிற்று.

1912 ஜனவரி 28-ஆம் தேதி, ஐம்பது வயது நிறைந்த ரவீந்திரநாதரை வங்க மக்கள் இதே மண்டபத்தில் கௌரவித்தார்கள். ஐரோப்பா அவருக்கு நோபல் பரிசு அளித்தது அதற்கு மறு வருஷம் என்பதை நாம் மறக்கலாகாது.

பின் வந்த நாட்கள் மண்டபத்துக்கு நல்ல நாட்களல்ல. சட்டசபை சில காலம் இங்கே கூடிற்று. இரண்டாவது மகாயுத்தத்தில் ரேஷன் ஆபீஸ் புகுந்தது. பிறகு பற்பல சர்க்கார் அலுவலகங்கள் மரத்தட்டிகளை வைத்து அறை அறையாகப் பிரித்துக்கொண்டன. 1990-க்குப் பிந்திய வருஷங்களில்தான் தட்டிகளை அகற்றிப் பழைய உருவத்தை மீட்டார்கள்.

ஆகஸ்டு 7-ஆம் தேதி 2015-லிருந்து தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதன் முதல் விழா நடந்தது நம் சென்னையில். அன்று கைத்தறிக் கடைகளில் சேலைக்கும் வேட்டிக்கும் தள்ளுபடி என்று விளம்பரங்கள் வருகின்றன. அந்தத் தேதி கல்கத்தா டவுன் ஹாலிலிருந்து வந்தது என்று சொல்லும் விளம்பரம் ஒன்றைக்கூட நான் இதுவரை கண்டதில்லை.