விருந்தினர் விடைபெற்ற பின்

விருந்தினர் வீட்டிலிருக்கும் வரை நமக்கு ஓய்வேது? அவர்கள் வாசல் கடந்து சென்ற பின்னர்தான் இல்லம் எத்துணை நிறைந்திருந்தது என்பது புலப்படும். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள், மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டிகள் நிறைவெய்தியபோது நம் உள்ளத்தில் எழுந்த உணர்வும் அத்தகையதே.

மாஸ்கோவில் நடைபெறவிருந்த விழா அது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததால் இடம் மாறித் தமிழகம் வந்து சேர்ந்தது. நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் போர்த்திக்கொண்டது. வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ தெருவெங்கும் கைகூப்பி நின்றது. மாடம்பாக்கத்தில் வாழும் நாமும் கேளம்பாக்கம், கோவளம் வழியாக ஒரு நாள் சென்று பார்த்தோம். ஆரவாரமற்ற போட்டி, ஆயினும் ஒரு காய் நகரும்போது நெஞ்சம் படபடத்ததை எவ்விதம் உரைப்போம்!

நிறைவு நாள் முஹர்ரம் பத்தாம் நாளாக அமைந்தது. ஆஷூரா நோன்பு நோற்றிருந்த நமக்கு அன்று தாகம் பெரிதாகத் தோன்றவில்லை. முன்னணியில் இருந்த இந்திய மகளிர் அணி இறுதிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்தோடு அமைய நேர்ந்ததே பெரிதும் வருத்தியது. நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடிய ஹரிகாவின் முகம் கண்முன் நின்றது.

பொதுப் பிரிவில் தங்கம் வென்றது உஸ்பெகிஸ்தான். தரவரிசையில் 14-ஆம் இடத்தில் வைக்கப்பட்டிருந்த இளைஞர் அணி அது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பிறந்த மண்ணின் பிள்ளைகள் வென்றார்கள் என்றதும் நம் நெஞ்சம் குளிர்ந்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய சுற்றில், வெற்றியின் விளிம்பிலிருந்த நம் சென்னைச் சிறுவன் குகேஷ், அதே அணியின் அப்துசத்தோரவிடம் தடுமாறித் தோற்றபோது, நம் சொந்தப் பிள்ளை விழுந்ததைப் போலத் துடித்தோமே, அது பொய்யா? இரண்டும் உண்மையே. பிறந்த மண்ணின் பாசமும் மார்க்கத்தின் உறவும் ஒரே நெஞ்சில் குடியிருக்கின்றன. ஒன்றுக்கு இடமளிக்க மற்றொன்றை வெளியேற்ற வேண்டியதில்லை. எவர் பக்கம் நிற்கிறாய் என்று கேட்போருக்கு நாம் தரும் மறுமொழி அதுவே.

இந்த ஆட்டமும் அவ்வாறு எல்லைகள் கடந்த ஒன்றன்றோ? இந்தியாவில் சதுரங்கமாய்ப் பிறந்து, பாரசீகம் கடந்து, அரபு நாட்டாரிடம் ஷத்ரஞ்ச் ஆகி, ஐரோப்பா சென்றது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாத் அரசவையில் அஸ்ஸூலி அதில் இணையற்று விளங்கினார். சூது கலவாமலும் தொழுகை தவறாமலும் ஆடினால் அது ஹராமன்று, மக்ரூஹே என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து. ஹனஃபி அறிஞர்கள் இதினும் கடுமை காட்டினர். பாங்கொலி கேட்டதும் பலகையை மூடிவைக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவது பெற்றோரின் கடமை.

பின்னர் 2024-இல் புடாபெஸ்ட் நகரில் இரு பிரிவுகளிலும் இந்தியா தங்கம் வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக வாகையரானார். மாமல்லபுரத்தில் வருந்திய நாம், அத்தோல்வி அவரை முடக்கிவிடவில்லை என்பதைக் கண்டு மகிழ்ந்தோம்.

எனினும் அன்றைய நாளை எண்ணுந்தோறும் நம் சிந்தையில் நிற்போர் வேறு சிலர். மகளிர் பிரிவில் தங்கம் வென்ற உக்ரைன் பெண்களே அவர்கள். விழா முடிந்ததே என்று நாம் ஏங்கினோம். அவர்களுடைய தாயகமோ குண்டு மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஃபிர்அவ்னின் கொடுமையிலிருந்து மூஸா நபி (அலை) அவர்களின் சமுதாயம் விடுதலை பெற்ற ஆஷூரா நாளில் அப்பெண்கள் பதக்கம் ஏந்தி நின்றதை நினைக்கும்போது, நம் ஏக்கம் சிறுத்துப்போகிறது. போரின் கொடுமையில் சிக்கிய எல்லா நாட்டு மக்களுக்கும் அமைதியான இல்லத்தை வல்ல இறைவன் அருள்வானாக!