குதிரைக்கு நைட்டி இல்லை, பிள்ளைகளா!



போன வாரம் நான் போட்ட படத்துக்குக் கீழே பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: "டீச்சர், குதிரைக்கு எதற்கு நைட்டி?" 1996 செட் கடைசி பெஞ்சுக்காரர் ஒருவர், "கல்யாணக் குதிரையா டீச்சர்?" என்கிறார். அவர் அப்போதும் அப்படித்தான். தனித்தனியாகப் பதில் எழுத விரல் வலிக்கிறது. எல்லோருக்குமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதத்திலிருந்து மகள் வீட்டில் இருக்கிறேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை, ஓபன் ஊருக்குப் பக்கம். மழை, சேறு, மறுபடியும் மழை. படத்தில் இருப்பது பக்கத்து வீட்டு அம்மாவின் ஐஸ்லாந்துக் குதிரை, பெயர் ஸ்குகி. என் பேத்திதான் இரண்டு வருஷமாக அதற்குத் தீனி வைப்பதும் தேய்த்துவிடுவதும்.

போன கோடையில் அது வேலிக் கம்பில் தேய்த்துத் தேய்த்துப் பிடரி மயிரே இல்லாமல் போய், வால் அடியில் ரத்தம் கசிந்ததாம். இங்கே இதை 'ஸ்வீட் இட்ச்' என்கிறார்கள். பெயரில்தான் இனிப்பு. மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சி கடிக்கும்போது அதன் எச்சிலால் வரும் ஒவ்வாமை அது. "இன்னொரு கோடையும் இப்படியென்றால் இதை உயிரோடு வைத்திருப்பது நியாயமா?" என்று அந்த அம்மா கால்நடை மருத்துவரிடமே கேட்டுவிட்டார். பேத்தி அன்று சாப்பிடவில்லை என்று மகள் சொன்னாள்.

பிறந்த ஊருக்கு அனுப்பிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். முடியாது. நோய் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, நாட்டை விட்டு வெளியேறிய குதிரை எதையும் ஐஸ்லாந்து திரும்ப உள்ளே விடாது. இந்த ஒவ்வாமையைக் கிளப்பும் மிட்ஜ் வகைகள் அங்கே இல்லை. அதனால் அங்கே பிறந்து, வளர்ந்தபின் வெளியே வரும் குதிரைகளைத்தான் இது அதிகமாகப் பிடிக்கிறது. வெளிநாட்டிலேயே பிறந்த அதே இனத்துக் குதிரைகளுக்கு அவ்வளவு வருவதில்லை.

ஆகவே, பூச்சி நெருங்காமல் மூடித்தான் ஆகவேண்டும். பேத்தி தன் சேமிப்பை எண்ணி வைத்துக்கொண்டு, "ஆச்சி, இந்த வரிக்குதிரைக் கோடு போட்டது வாங்கலாமா?" என்று போனை நீட்டினாள். கோடு சும்மா அழகுக்கு இல்லை. 2019-இல் டிம் கேரோ குழுவினர் இங்கிலாந்தில் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, கோடு என்று மாற்றி மாற்றிப் போர்த்திப் பார்த்திருக்கிறார்கள். கோட்டின் மேல் குதிரை ஈக்கள் குறைவாகவே உட்கார்ந்தன. கிட்டே வந்தவை வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியாமல் மோதின, அல்லது தாண்டிப் போயின. மூடாத தலையில் மட்டும் வழக்கம்போலவே உட்கார்ந்தன.

ஆனால் ஸ்குகியைக் கடிப்பது குதிரை ஈயா? கடைக்குப் போகுமுன் அதைத்தான் பார்க்கச் சொன்னேன். குதிரை ஈ பெரியது, நல்ல வெயிலில் வரும். ஸ்குகி தேய்த்துக்கொள்வது விடியலிலும் அந்தியிலும், காற்று அசையாத நேரத்தில். அரிப்பு பிடரியிலும் வால் அடியிலும். பேன் இல்லை என்று மருத்துவரும் பார்த்துச் சொல்லிவிட்டார். எல்லாம் மிட்ஜின் அடையாளம். நம் ஊரில் மழைக்குப் பிறகு ஆடுகளுக்கு நீலநாக்கு நோய் பரப்புவதும் இதே குலிக்காய்டிஸ் பேரினம்தான். உடல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். கடிப்பது பெண் மட்டும். அதிலும் இந்த ஊர் மிட்ஜ் முதல் ஈடு முட்டையை ரத்தமே குடிக்காமல் இட்டுவிடும், அடுத்த ஈட்டுக்குத்தான் நம்மைத் தேடி வரும். (விலங்கியல் டீச்சரிடம் கேட்டால் இதெல்லாம் சேர்ந்துதான் வரும்.)

பூச்சி எதுவென்று தெரிந்துவிட்டால் துணியும் தெரிந்துவிடும். ரவை சல்லடை வேறு, மாவு சல்லடை வேறு இல்லையா? சாதாரண ஈ வலைப் போர்வை ரவை சல்லடை. வீட்டு ஈ நுழையாது, மிட்ஜ் நுழைந்துவிடும். மிட்ஜுக்கென்று நெருக்கமாக நெய்த துணி வேண்டும். அது கழுத்தையும், வயிற்றின் அடிப்பக்கத்தையும், வாலின் மேல்பகுதியையும் சேர்த்து மூடவேண்டும். பார்க்க நைட்டி மாதிரி இருப்பது அதனால்தான்! வரிக்குதிரையை விட விலை அதிகம். மீதிப் பணத்தை அந்த அம்மாவே போட்டுக்கொண்டார்.

அளவு எடுப்பது ஜாக்கெட் தைப்பதை விடச் சிரமம். நெஞ்சின் நடுவிலிருந்து பக்கவாட்டில் பின்தொடை முடியும் இடம்வரை டேப் பிடிக்கவேண்டும். ஸ்குகிக்கு 5 அடி 9 அங்குலம் வந்தது. இந்த இனம் குட்டை, ஆனால் கழுத்து பருமன். போட்டபின், அது தலையைக் குனிந்து புல் மேயும்போது பாருங்கள் என்றேன். நிற்கும்போது சரியாக இருப்பது, மேயும்போது முதுகு மேட்டில் இழுத்துப் பிடிக்கும். தோளில் உள்ளங்கை நுழையாவிட்டால் துணியே மயிரை உராய்ந்து தின்றுவிடும். முதலில் வந்த போர்வை அப்படித்தான் இருந்தது, திருப்பி அனுப்பினோம். முகவலையும் அப்படித்தான். இமையில் படாமல் கண்ணுக்கு மேல் குமிழாக நிற்கவேண்டும், உள்ளே பூச்சியோ தூசியோ சிக்கியிருக்கிறதா என்று தினமும் கழற்றிப் பார்க்கவேண்டும்.

தெளிக்கும் மருந்து போதாதா என்று மகள் கேட்டாள். லாயத்தில் பூனை இருக்கிறது. பெர்மெத்ரின் கலந்தது பூனைக்கு விஷம், மீனுக்கும் ஆகாது. பக்கத்திலேயே ஓடை.

போர்வையை ஏப்ரலிலேயே, ஒரு பூச்சிகூடக் கண்ணில் படும் முன்பே போட்டுவிட்டோம். அரிப்பு தொடங்கிய பிறகு போட்டால் குதிரை தேய்த்துத் தேய்த்துத் துணியையே கிழித்துவிடும். இப்போது ஆகஸ்ட். வால் அடியில் புண் இல்லை. பிடரி மயிர் இரண்டு விரல்கடை வளர்ந்திருக்கிறது. இடது தோளில் மட்டும் கொஞ்சம் உராய்வு. பக்கிளுக்கு உள்ளே பழைய ஃபிளானல் துண்டை வைத்துத் தைத்திருக்கிறேன். அடுத்த கோடையைப் பற்றி அந்த அம்மா இப்போது பயிற்சிக் கணக்கில்தான் பேசுகிறார்.

பொள்ளாச்சிப் பக்கம் குதிரை வைத்திருக்கும் தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார், நமக்கும் இதை வாங்கலாமா என்று. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள் தம்பி. மிட்ஜ்தான் என்றால், நம் வெயிலில் பகலெல்லாம் இதைப் போர்த்தினால் குதிரை வெந்துவிடும். பொழுது சாயும் முன்பே லாயத்துக்குள் கட்டி, ஒரு பெரிய மின்விசிறியை ஓடவிடுங்கள். மிட்ஜுக்குச் சிறகு வலு கிடையாது, காற்றை எதிர்த்துப் பறக்காது. பக்கத்தில் சாணிக் குழியும் தேங்கிய சேறும் வேண்டாம். வயரை மட்டும் குதிரையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.